கிரீஸ்காரரின் பின்விளக்கு

எங்கள் வீட்டில் எந்தக் கதவும் சத்தம் போடாது. கேட், ஜன்னல் கொக்கி, கத்தரிக்கோல், என் ஸ்கூட்டரின் ஸ்டாண்டு என்று எதைத் தொட்டாலும் அதில் அத்தானின் விரல் பட்டிருக்கும். எங்கேயாவது லேசாகக் 'கிறீச்' என்று கேட்டுவிட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதர் பாதியில் எழுந்துபோய் கிரீஸ் டப்பாவோடு வருவார். தெருவில் அவருக்குக் கிரீஸ்காரர் என்றே பெயர். அவருடைய தொழில் தேனீ வளர்ப்பது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

அத்தான் என் அக்காவின் கணவர். கீழ் வீட்டில் அவர்கள், மாடியில் நான். மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்தால் எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது, ஆகையால் அக்கா வீட்டு விவகாரங்களில் மூக்கை நுழைப்பேன். கிரீஸ் விஷயத்தில் அவரைக் கேலி செய்யாமல் எனக்குத் தூக்கம் வராது.

"அத்தான், என் முட்டி கொஞ்ச நாளா கடக் கடக்குங்குது. ஒரு விரல் தடவி விடுங்களேன்."

"உன் வாய்க்குத்தான் அது தேவையே இல்ல, சின்னவளே. அது பாட்டுக்கு ஓடுது."

அவருக்குத் தெரிந்த அதிகபட்சக் கிண்டல் அதுதான். மற்றபடி சாது. கோபம் வந்தால்கூட எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

பூ எங்கே பூக்கிறதோ அங்கே பெட்டிகளைக் கொண்டுபோய் வைப்பார். ஒரு தோட்டத்தில் பூ முடிந்ததும் எல்லாவற்றையும் ட்ரெய்லரில் ஏற்றி, பழைய ஜீப்பின் பின்னால் மாட்டி, அடுத்த இடத்துக்கு இழுத்துப் போவார். இதைப் பகலில் செய்ய முடியாது. பகலில் தேனீக்கள் மேயப் போயிருக்கும். பெட்டியைத் தூக்கிவிட்டால் திரும்பி வருகிறவை வீடில்லாமல் நிற்கும். அது மட்டுமல்ல, வாசலை அடைத்த பெட்டி வெயில் தாங்காது. உள்ளே அத்தனை ஆயிரம் உயிர்களின் சூடு சேர்ந்து மெழுகே இளகிவிடும். பொழுது சாய்ந்து கடைசித் தேனீயும் உள்ளே போனபிறகு வாசலை அடைத்து, இரவின் குளிர்ச்சியிலேயே போய்ச் சேர வேண்டும். அதனால் அத்தானின் பயணமெல்லாம் இருட்டில்தான்.

அக்காவுக்கு இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்ல எங்கள் அப்பாவைச் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் ஹைவேயில் வந்துகொண்டிருந்தவர், முன்னால் விளக்கில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு டிராக்டர் ட்ரெய்லரில் மோதிப் போய்ச் சேர்ந்தார். பின்னால் உட்கார்ந்திருந்தது அக்கா, பள்ளிக்கூடச் சீருடையில். அவளுக்கு ஒரு கீறலோடு போயிற்று. "எதிர்ல ஒண்ணுமே இல்ல, வெறும் இருட்டுத்தான் இருந்துச்சு. அந்த இருட்டுல போய் இடிச்சோம்" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அதனால் அத்தான் கிளம்பும்போதெல்லாம் அக்கா ட்ரெய்லருக்குப் பின்னால் போய் நிற்பாள். அவர் உள்ளே ஒவ்வொன்றாகப் போட, இவள் வெளியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"பின்விளக்கு?"

"எரியுது."

"இடது?"

"எரியுது."

"பிரேக்கு?"

"எரியுது. போயிட்டு வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் அவர்கள் விடைபெறும் முறை. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே பல் தேய்ப்பேன்.

இந்தப் பருவம் தொடங்கும் முன்பு அத்தானுக்கு ட்ரெய்லர் மேல் திடீர்க் கரிசனம் பொங்கிற்று. மொத்தத்தையும் கழற்றிப் பரப்பி, துருவைச் சுரண்டி, நீலப் பெயிண்ட் இரண்டு பூச்சு பூசினார். ஒவ்வொரு போல்ட்டையும் துடைத்து, பெயிண்ட் நன்றாகக் காய்ந்ததும் பழைய இடத்தில் வைத்து முறுக்கினார். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

அதிலிருந்துதான் விளக்கு வம்பு பிடித்தது.

சில நாள் எரியும், சில நாள் எரியாது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்கும். பிரேக்கை மிதித்தால் இருக்கிற வெளிச்சமும் செத்துப்போகும். காலிப் பெட்டி ஏற்றப் போகும் பகல் நேரத்துச் சின்னப் பயணங்கள்தான் அப்போது, அதனால் ஆபத்தில்லை. ஆனால் அக்கா முகம் சுண்டிப்போயிற்று. அத்தான் பல்பை மாற்றினார். ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்தார். ஜீப்புக்கும் ட்ரெய்லருக்கும் நடுவிலுள்ள பிளக்கைப் புதிதாகப் போட்டார். ப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

வண்டிகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீசியனிடம் மூன்று தடவை இழுத்துப் போனார். வீட்டில் எரியாத விளக்கு அவன் கடை வாசலுக்குப் போனதும் ஜோராக எரியும், டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விடுகிற மாதிரி. அவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, எரியாத விளக்கைக் கொண்டு வாங்க, பாக்கறேன். எரியுற விளக்குல நான் எதைன்னு தேடுறது?"

நியாயமான கேள்வி. அத்தான் வீட்டுக்கு வந்து, கேட்டின் கீல்களுக்கு இன்னொரு முறை கிரீஸ் வைத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் தோட்டக்காரர் போன் செய்தார். பெட்டிகள் அப்போது இருந்தது அவருடைய தோட்டத்தில், எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம். பக்கத்து நிலத்துக்காரர் மருந்து அடிக்க மிஷினுக்குச் சொல்லியிருந்தார், முறை அடுத்த வாரம் வர வேண்டியது, யாரோ வேண்டாமென்றதால் நாளைக்கே வந்துவிட்டது. பூச்சி மருந்து. அதில் மேய்ந்தால் ஒரு தேனீயும் மிஞ்சாது.

"விடிஞ்சதும் ஆரம்பிச்சிருவாங்க. இன்னிக்கு ராத்திரியே எடுத்துக்கிட்டா நல்லது. அவர்கிட்டயும் கெஞ்சிப் பாத்துட்டேன். மிஷினை விட்டா அவருக்கும் பயிர் போயிரும்" என்றார் தோட்டக்காரர். யார் மேலும் பழி போட வழியில்லாமல் வருகிற கஷ்டம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பும். திட்டக்கூட ஆள் கிடைக்காது.

அத்தான் வேறு வண்டி தேடினார். "தேனீயா? ஆளை விடுங்க சாமி" என்று லாரிக்காரர்கள் போனை வைத்தார்கள். மதியம் நாங்கள் மூவரும் கிளம்பினோம். வாசலில் அக்கா ட்ரெய்லருக்குப் பின்னால் போய் நின்றாள். எல்லாம் எரிந்தது. அவளுக்கு உயிர் வந்தது, எனக்கும்தான். கெட்ட வேளை வந்தால் சின்ன நல்லது ஒன்று முன்னால் வந்து நம்மை நம்ப வைக்கும் போலிருக்கிறது.

தோட்டத்துப் பாதை குறுகல். ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு ஜீப்பைத் திருப்ப வேண்டியிருந்தது. வெளிச்சம் மங்கியது. பெட்டி வாசல்களில் தேனீக்கள் திரும்பி இறங்குவதை அத்தான் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கூட்டமும் உள்ளே போனதும் வாசல்களை அடைத்தோம். முப்பதுக்கு மேல் பெட்டிகள். ஒவ்வொன்றாகத் தூக்கி ட்ரெய்லரில் அடுக்கிக் கயிறு கட்டினோம். அடைபட்ட பெட்டியில் காதை வைத்தால் உள்ளே 'ம்ம்ம்' என்று ஒரே சுதியில் ஓர் ஓசை. அது சந்தோஷமான ஓசை என்பார் அத்தான்.

ஜீப்பின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். ட்ரெய்லரின் மூக்கிலுள்ள கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். மாட்டுவதற்கு முன் அத்தான் டப்பாவை எடுத்தார்.

"மலை ஏறித் தாண்டி அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகணும். இன்னிக்குப் பாரம் ஜாஸ்தி" என்று வழக்கத்தைவிட இரண்டு பங்கு கிரீஸை அள்ளி அந்தக் குண்டு முழுக்க அப்பினார். கிண்ணத்துக்குள்ளும் விரலை விட்டு வழித்துத் தடவினார். கேக்குக்குக் கிரீம் பூசுகிற அக்கறை.

மாட்டி, பிளக்கைச் சொருகி, உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டார்.

"பின்விளக்கு?"

அக்காவிடமிருந்து சத்தம் இல்லை.

"இடது?"

"எதுவும் எரியல" என்றாள் அக்கா.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியவில்லை, எல்லாம் ஒரே குழப்பம். அத்தான் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார், பல்பைக் கழற்றி மாட்டினார், ப்யூஸைத் தூக்கிப் பார்த்தார், வயரைத் தடவிக்கொண்டே ட்ரெய்லருக்கு அடியில் ஊர்ந்து போனார். நான் டார்ச் பிடித்தேன். டெஸ்ட் லைட்டை வைத்தால் பிளக் வரைக்கும் கரண்ட் வருகிறது. விளக்கு வரைக்கும் வருகிறது. ஆனால் விளக்கு எரியவில்லை. எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டோம். ஆஸ்பத்திரியில் இருந்தான். அவன் மனைவிக்குப் பிரசவ வலி.

"அண்ணே, கரண்ட் வருதுன்னா எர்த்து பாருங்க. ட்ரெய்லர் சட்டத்துல ஒரு போல்ட்டுல வெள்ளை வயரு முறுக்கியிருக்கும். லூசா இருக்கா?"

அத்தான் ஸ்பானரை வைத்து அழுத்திப் பார்த்தார். "இம்மி அசையலப்பா. நானே கண்ணும் கருத்துமா முறுக்கினது" என்றார். அந்த நேரத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"அப்ப எர்த்து ஓகே. வந்து... இருங்க, சிஸ்டர் கூப்பிடுறாங்க..." லைன் போயிற்று. பிறகு போட்டால் அணைத்து வைத்திருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

"நான் பின்னாடி டார்ச்சு வச்சுக்கிட்டு உக்காந்து வரேன்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "அப்பா இடிச்ச வண்டியிலயும் ஒருத்தன் டார்ச்சோட உக்காந்திருந்தான். தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அதை அவள் சொன்னதே இல்லை.

இருட்டிவிட்டது. அந்தத் தோட்டத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஹைவேயில்தான் ஏற வேண்டும். தூரத்தில் லாரிகள் போகிற இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா ஜீப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், ஒரு கை பானட்டின் மேல். கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்து போய் ஒரு பெட்டியின் மேல் காதை வைத்தாள். பிறகு வந்து, "போயிட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்லல. போங்க" என்றாள்.

அத்தான் என்ஜினைப் போட்டார். முன்விளக்கு வெளிச்சத்தில் அக்காவின் கை தெரிந்தது. பானட்டை விட்டு எடுத்த பிறகும் அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் மற்றொரு கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அத்தான் அதையே பார்த்தார். என்ஜினை அணைத்தார்.

"விடியட்டும். வெளிச்சம் வந்ததும் போயிரலாம். மருந்து மிஷினு வர்றதுக்குள்ள ரோட்டுல ஏறிட்டா போதும். வெயில் ஏறுறதுக்குள்ள மலையைத் தாண்டிடலாம்" என்றார். முடியும் என்று அவரே நம்பியிருக்க மாட்டார். மலைப் பாதையைத் தாண்ட ஒரு முழு இரவு வேண்டும். ஆனாலும் நாங்கள் இருவரும் தலையாட்டினோம். வேறென்ன செய்வது?

கிணற்றடியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து சாக்குகளை நனைத்துப் பெட்டிகளைப் போர்த்தினோம். வெளுக்க ஆரம்பித்ததும் கிளம்பினோம். அரைகுறை வெளிச்சத்துக்கு இருக்கட்டுமென்று அத்தான் விளக்கு ஸ்விட்சைப் போட்டுவைத்தார். பின்னால் ஒன்றும் எரியவில்லை, அக்கா பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். பகல் வந்துவிட்டதால் அப்படியே போனோம்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. அடிவாரத்தில் நிறுத்திச் சாக்குகளுக்குத் தண்ணீர் தெளித்தோம். 'ம்ம்ம்' என்ற சுதி மாறவில்லை. மலையில் பாதித் தூரம் ஏறியிருப்போம், ஒரு வளைவில் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. மேலே ஒரு லாரி பாதையின் குறுக்கே கவிழ்ந்திருந்தது. கிரேன் வர வேண்டுமாம். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மரம் என்று பெயருக்கு ஒன்றுகூடக் கிடையாது.

வெயில் ஏறியது. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தது. குடிக்கிற பாட்டிலையும் ஊற்றினோம். பஸ்ஸில் போய்க் கேட்டேன், சிலர் கொடுத்தார்கள். சாக்கு ஊற்ற ஊற்றக் காய்ந்தது. பெட்டிகளின் ஓசை மாறிவிட்டது. சுதி போய், கொதிக்கிற உலை மாதிரி இரைச்சல். உள்ளே எல்லாம் சேர்ந்து சிறகை அடித்துக் காற்று வீசிப் பார்க்கின்றன என்றார் அத்தான்.

"திறந்து விடுங்க அத்தான். பறந்தாவது பிழைக்கட்டும்" என்று கத்தினேன்.

அவர் பஸ்ஸைப் பார்த்தார். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தன. எங்களுக்கு நேர் பின்னால், முதல் சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தைக்குப் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள். இவ்வளவு வெறி பிடித்த தேனீக்களைத் திறந்துவிட்டால் முதலில் எங்கே பாயும் என்று எனக்கும் தெரியும். அத்தான் ஒரு பெட்டி வாசலின் அடைப்பின்மேல் விரலை வைத்திருந்தார். வைத்தவர் எடுத்துவிட்டார். பிறகு கைக்குட்டையை எடுத்து அந்தப் பெட்டியின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. அழுதேன்.

ஒவ்வொரு பெட்டியாக இரைச்சல் அடங்கிற்று. அடுக்கின் அடியிலிருந்து தேன் கசிந்து, நீலப் பெயிண்ட் மேல் கோடாக வழிந்து, ரோட்டில் சொட்டியது.

அப்போது பின்னால் நின்றிருந்த அக்கா, யாரும் கேட்காமலே, "எரியுது" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று புரியாமல் போய்ப் பார்த்தேன். பின்விளக்குகள் இரண்டும் சிவப்பாக, பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. கொளுத்துகிற வெயிலில். எப்போதிருந்து எரிகின்றன என்று எங்களுக்குத் தெரியாது.

அத்தான் ஜீப்புக்குள் போய் உட்கார்ந்து இடது இண்டிகேட்டரைப் போட்டார். எரிந்தது. வலதைப் போட்டார். பிரேக்கை மிதித்தார். எல்லாம் எரிந்தன. அக்கா இந்தத் தடவை எதற்கும் குரல் கொடுக்கவில்லை.

கிரேன் வந்து வழி கிடைப்பதற்குச் சற்று முன்னால் எலக்ட்ரீசியனிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார் அத்தான். அவன் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணே, பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. லைட்டு என்னாச்சு, எரிஞ்சுதா?"

"எரியுதுப்பா. இப்ப எரியுது. குழந்தைக்கு என் ஆசீர்வாதம்" என்றார் அத்தான். பிறகு, "ஏன் எரியலங்கறதுதான் தெரியல" என்றார்.

அவன் யோசித்தான். "அந்த எர்த்து போல்ட்டு... நீங்க பெயிண்ட் அடிச்சீங்களே, வயரை மாட்டுறதுக்கு முன்னாடி அடியில பெயிண்டைச் சுரண்டினீங்களா?"

"இல்லயே. ரெண்டு பூச்சு நல்லாக் காய விட்டு, அதுக்கு மேலதான் மாட்டினேன்."

"போச்சு. பெயிண்ட் மேல எவ்வளவு இறுக்கினாலும் கரண்டுக்குத் திரும்பிப் போக வழி கிடையாதுண்ணே. இத்தனை நாளா அந்த இழுக்குற குண்டு வழியாத்தான் போயிருக்கு. இரும்பும் இரும்பும் ஒட்டினா எரியும். அதுல கிரீஸ் கிரீஸ் ஏதும்..." அவன் நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் அத்தானைத் தெரியும்.

கடை வாசலுக்குப் போவதற்குள் குலுங்கிக் குலுங்கிக் கிரீஸ் பிதுங்கிவிடும், அதனால் அங்கே எரிந்திருக்கிறது. நேற்று இரட்டிப்பாக அப்பியது மலையேறிய பிறகுதான் பிதுங்கியிருக்கிறது. அத்தான் போனை மடியில் வைத்துக்கொண்டு தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் அது கறுப்பாக ஒட்டியிருந்தது.

"நான்தானா" என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

"நான்தாங்க. நான் கை நடுங்காம இருந்திருந்தா நீங்க போயிருப்பீங்க" என்றாள் அக்கா.

போய்ச் சேர்ந்து திறந்தபோது பாறைப் பக்கமிருந்த ஆறு பெட்டிகளில் உயிர் இருந்தது. மற்றவற்றைக் கவிழ்த்தால் ஈரமாக, கனமாக, மொத்தமாக விழுந்தன. அத்தான் அந்தப் போல்ட்டைக் கழற்றி, பளபளவென்று இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டி, வயரைத் திரும்ப முறுக்கினார். இனி விளக்கு அணையாது என்றார்.

ஆறு பெட்டியை வைத்துக்கொண்டு தொழில் நடக்கிறது. அக்கா முன்போலவே ட்ரெய்லருக்குப் பின்னால் போய் நிற்கிறாள், எல்லாமே எரிகிறது.

எங்கள் வீட்டுக் கேட்தான் இப்போது ஊரைக் கூட்டுகிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் காதைக் கிழிக்கிற சத்தம். அத்தான் அதே கேட்டைத் திறந்து போகிறார், வருகிறார். நேற்று நான் கிரீஸ் டப்பாவைத் தேடி எடுத்து, அவர் கண்ணில் படும்படி கேட் பக்கத்துச் சுவர் மேல் வைத்தேன். காலையில் கேட் கத்தியது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். டப்பா நான் வைத்த இடத்திலேயே இருந்தது. மூடியின் மேலிருந்த தூசியை மட்டும் யாரோ துடைத்திருந்தார்கள்.